பஞ்சு தேடி வந்த வைத்தியர்

வரலாற்றுத் தொடர் – 6
செம்மண்ணும் கப்பல் விதையும்

சென்ற வாரம்: 1828. மதராஸ் அரசின் இயற்கை ஆய்வாளர் என்ற பதவியை கவர்னர் லஷிங்டன் ஒரே உத்தரவில் ஒழித்தார். இரண்டே ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்த ஸ்காட்லாந்து வைத்தியர் ராபர்ட் வைட்டை நாகப்பட்டினத்துப் பட்டாளத்தின் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுக்க அனுப்பிவிட்டார்கள். செடிகளோடு இருந்த சம்பந்தம் அத்தோடு அறுந்துவிட்டது என்றுதான் அதிகாரிகள் நினைத்தார்கள்...

*

நாகப்பட்டினத்துக்குப் போகுமுன் வாசகர்களை ஒரு நிமிடம் மூலனூருக்கு அழைத்துப் போகிறேன். வெள்ளகோவிலுக்கு நேர் தெற்கே இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அன்று பருத்தி ஏலம். மூட்டைகளுக்கு நடுவே எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் ஒரு சுளைப் பருத்தியைப் பிரித்து, இழையை இரண்டு கை விரல்களாலும் இழுத்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க ஐயா, இது என்ன ரகமுங்க?” என்று கேட்டேன்.

“இப்பெல்லாம் என்னென்னமோ நம்பர் சொல்றாங்க கண்ணு. எங்கப்பாரு காலத்துல ரெண்டே பேருதான். காட்டுக்கு நாடம், தோட்டத்துக்குக் கம்போடியா. அவ்வளவுதான்.”

கொங்கு நாட்டாருக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வானத்தை நம்பி விதைக்கிற நிலம் எங்களுக்குக் காடு. கிணறு வெட்டி, கவலை ஓட்டி, தண்ணீர் பாய்ச்சுகிற நிலம் தோட்டம். இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாகவும் இருக்கும். ஆனால் அவற்றுக்குத் தனித்தனிப் பட்டம், தனித்தனிப் பண்ணையம்.

பெரியவர் சொன்ன கம்போடியா என்ற பேர் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. கம்போடியாப் பருத்தி என்பது இனத்தால் அமெரிக்கப் பருத்தி. அதன் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். இதே இனத்து விதையை, பெரியவருடைய அப்பாருக்கும் இரண்டு தலைமுறைக்கு முன்பே, அரசாங்கம் கப்பலில் கொண்டுவந்து கோயம்புத்தூரில் விதைத்தது. கூடவே அமெரிக்க விவசாயிகள் வந்தார்கள், இயந்திரங்கள் வந்தன. தென்னிந்தியாவின் தலைசிறந்த தாவர அறிஞர் அதற்குப் பொறுப்பேற்றார். அப்போது தோற்ற செடி, அரை நூற்றாண்டு கழித்து வேறொரு நாட்டின் பெயரோடு வந்து எங்கள் தோட்டங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது.

முதல் முறை ஏன் தோற்றது? அந்தக் கேள்விக்குப் பின்னால் போனால் நாகப்பட்டினத்தில் பதவி இழந்து நிற்கும் வைட்டிடம்தான் போய்ச் சேர்கிறோம்.

*

பதவி போனது, பழக்கம் போகவில்லை. காலையில் பட்டாளத்து நோயாளிகளைப் பார்த்த கை, மற்ற நேரங்களில் செடிகளை அழுத்திக் காயவைத்தது. வைட் 1831ல் விடுப்பில் தாயகம் கிளம்பியபோது அவரோடு கப்பலேறிய செடி மாதிரிகள் ஒரு லட்சம். எடை இரண்டு டன்!

எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819ல் உதவி சர்ஜனாக மதராஸ் கரையில் இறங்கியவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகளில் தென்னாட்டுச் செடிகளில் அவர் கண்ணுக்குத் தப்பியவை குறைவு. நண்பர் வாக்கர் ஆர்னாட்டோடு உட்கார்ந்து அந்தக் குவியலை வகைப்படுத்தினார். 1834ல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய அவர்களுடைய நூல் வெளிவந்தது. அதே ஆண்டு மீண்டும் இந்தியா. பல்லாரியில் பட்டாள வேலை. அங்கிருந்து படையோடு பாளையங்கோட்டைக்கு 700 மைல் நடை. அந்த வழியெங்கும் செடி சேர்த்தார்.

வைட் எழுத்தை மட்டும் நம்பவில்லை, படத்தையும் நம்பினார். ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள் அவருக்காகச் செடிகளை வரைந்தார்கள். இலை நரம்பும் மகரந்தப் பையும் பிசகாமல் வரைந்த கைகள் அவை. தாயகத்தில் கல்லச்சுக்கலையைக் கற்றுவந்த வைட், அந்தப் படங்களை மதராஸிலேயே அச்சிட்டார். 1838ல் தொடங்கி 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த ஒரே நூலில் மட்டும் 2,100 படங்களுக்கு மேல் இருக்கின்றன. ஆர்க்கிட் இனம் ஒன்றுக்கு கோவிந்துவின் நினைவாகவே பெயர் வைத்தார். அந்தப் பெயர் பின்னால் வழக்கொழிந்தாலும், தம் ஓவியரின் பேரைத் தாவரவியல் ஏட்டில் ஏற்றிய மனசை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவருடைய பேரும் செடிகளில் இருக்கிறது. எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் வேலிகளில் கிளுவை நிற்கிறதே, அதே குடும்பத்தைச் சேர்ந்த குக்கில் மரத்தின் அறிவியல் பெயர் கொம்மிஃபோரா வைட்டி. காங்கேயம் மாடு மேய்கிற வேலி ஓரத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கிறார் மனிதர்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு 1836ல் வருவாய்த் துறையிலிருந்து உத்தரவு வந்தது. பருத்தி, புகையிலை, நிலாவாரை முதலான விளைபொருள்களை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும்.

வைட்டுக்குப் பதவி கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 1828ல் செடி வீண் செலவு என்று துரத்தியதும் அதுதான், 1836ல் செடி சரக்கு என்று தெரிந்ததும் திரும்பக் கூப்பிட்டதும் அதுதான்.

அதற்குள் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு ராணுவ கேப்டன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறத் தயாராகிக்கொண்டிருந்தார்!

*

லங்காஷயர் ஆலைகளின் பயம் அவரை அனுப்பிவைத்தது. இங்கிலாந்து நூற்ற பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதுவும் தென் மாநிலங்களில், அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அங்கே ஒரு கலகமோ போரோ வந்தால் மான்செஸ்டர் அடுப்பு அணைந்துவிடும். அதனால் இந்தியாவில் அமெரிக்கப் பருத்தி விளைந்தாக வேண்டும்.

கேப்டன் பெயர் பேல்ஸ். 1839ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. பருத்தி விளைவிப்பதில் கை தேர்ந்த பத்து விவசாயிகளைச் சம்பளம் பேசித் திரட்டினார். அவர்களோடு விதை மூட்டைகள், இரும்புக் கலப்பைகள், கொட்டை நீக்கும் இயந்திரங்கள். எல்லாம் கப்பலேறின. இந்தியாவுக்கு வந்ததும் மூன்று மாகாணங்களுக்கும் ஆட்களைப் பிரித்தனுப்பினார்கள்.

மதராஸ் மாகாணத்தின் பருத்திச் சோதனை கோயம்புத்தூர் மாவட்டத்தில் நிலைகொண்டது. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் பெரியது. தாராபுரமும் கரூரும் அதற்குள்தான். நாங்கள் நிற்கிற இந்த மண்ணும் அதில் அடக்கம். 1842ல் வைட் அந்தச் சோதனைக்குப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு கவர்னராக வந்து இறங்கினார் ட்வீடேல் பிரபு. வைட்டின் சொந்த ஊரான ஈஸ்ட் லோதியன் பகுதிக்காரர், விவசாயத்தில் பித்துக் கொண்டவர். அரசாங்கம் பக்கபலம், ஆட்கள் தயார், அறிவு தயார்.

முதல் அடி இயந்திரத்தில் விழுந்தது.

*

எலி விட்னி 1793ல் உருவாக்கிய ஜின் இயந்திரம் அமெரிக்கத் தென் மாநிலங்களையே தலைகீழாக்கியது. அதன் பிந்தைய வடிவத்தில் ரம்பப் பல் வைத்த வட்டத் தகடுகள் சுழன்று, பஞ்சைக் கொட்டையிலிருந்து பிய்த்து இழுக்கும். நூறு கைகள் செய்வதை ஒரே இயந்திரம் செய்யும் என்று பேர். அந்த இயந்திரத்துக்குள் நம் நாட்டுப் பருத்தியைப் போட்டார்கள்.

நாட்டுப் பருத்தியின் இழை குட்டை, கொட்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். ரம்பப் பல் அதை இழுத்தபோது இழை அறுந்தது, கொட்டை நசுங்கியது, நசுங்கிய கொட்டை பஞ்சோடு கலந்தது. நம் வீட்டுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து மணையில் அரைத்த பஞ்சு இதைவிடச் சுத்தம். இரண்டு உருளைகளுக்கு நடுவே பருத்தியைக் கொடுத்தால் பஞ்சு அந்தப் பக்கம் போகும், கொட்டை முழுசாக இந்தப் பக்கம் விழும். அந்தக் கொட்டைதான் காளைக்கும் கறவைக்கும் தீனி. குடியானவர் கணக்கில் பஞ்சு பாதி வரவு என்றால் கொட்டை மீதி வரவு. கொட்டையை நசுக்குகிற இயந்திரத்தைப் பார்த்து அவர் வயிறு எரிந்ததில் என்ன ஆச்சரியம்?

“நாட்டுப் பருத்திக்கு ஆகாத இயந்திரம் அமெரிக்கப் பருத்திக்கு ஆகுமே, விதையை ஊன்று” என்பதே அடுத்த படி. உண்மையில் அதுதான் நோக்கமும்.

வைட் இங்கேதான் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். அமெரிக்காவில் எந்த மாதத்தில் ஊன்றுகிறார்கள் என்பதை அப்படியே இங்கே நகலெடுப்பதில் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். மிசிசிப்பிக் கரையில் செடியைத் தூங்கவைப்பது குளிர். கொங்கு நாட்டில் செடியைத் தூங்கவைப்பது வறட்சி. அதனால் இங்கே பட்டத்தைத் தீர்மானிக்க வேண்டியது மழைதான். எப்போது ஊன்றினால் ஈரத்தில் வளர்ந்து வெயிலில் காய் வெடிக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். நல்ல மழை கிடைத்த பருவத்தில் செடி நன்றாகவே வந்தது. அரசுப் பண்ணையில் வெள்ளை வெளேரென்று நீண்ட இழைப் பஞ்சு வெடித்தது.

ஆனால் அந்த மழை யார் கையில் இருக்கிறது?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று இங்கே வந்து அடிக்கும்போது அதில் ஈரம் தீர்ந்திருக்கும். மலையாளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று அது. ஐப்பசி மழைதான் எங்கள் காடுகளுக்கு உயிர். வருஷம் முழுக்கக் கூட்டினாலும் 600, 700 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதுவும் சில வருஷம் ஏமாற்றும். மழை தப்பிய வருஷத்தில் அமெரிக்கச் செடி நின்ற இடத்திலேயே கருகியது.

அதே வருஷத்தில், பக்கத்துக் குடியானவரின் நாடம் என்ன ஆயிற்று? உயிரோடு நின்றது!

*

நாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போது அதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. கரிசலில் விதைத்தது உப்பம். எங்களைப் போன்ற செம்மண் காட்டுக்காரர்கள் விதைத்தது நாடம். கம்போடு கலந்து விதைப்பார்கள். முதல் வருஷம் கம்பு வீட்டுக்கு வரும், பருத்தி சும்மா நிற்கும். அடுத்த வருஷத்திலிருந்து பஞ்சு. மூன்று நான்கு வருஷம் அதே செடி தழைத்துத் தழைத்துக் காய்க்கும். விளைச்சல் கொஞ்சம்தான். இழையும் முரடு. ஆனால் மழை பொய்த்தால் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பெய்தால் துளிர்க்கும். உரம் கேட்காது, தண்ணீர் கேட்காது.

ஒரு காட்டில் ஒரே பயிர் என்பது எங்கள் முன்னோருக்குச் சூதாட்டம். கம்பு போனால் பருத்தி, பருத்தி போனால் ஆமணக்கு, எல்லாம் போனாலும் கொழுக்கட்டைப் புல்லில் மாடு என்று அடுக்கடுக்காகக் காப்பு வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் இரும்புக் கலப்பையால் ஆழ உழுது, வரப்பு கட்டி, வரிசை பிடித்து, முழுக்காட்டிலும் பருத்தியை மட்டுமே ஊன்றியபோது, வேலியோரம் நின்று பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதிகாரிகளில் பலர் அதை மூடத்தனம் என்றார்கள். நான் அதைப் பல நூறு வருஷப் பஞ்சங்களில் கற்ற பாடம் என்கிறேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. நீளமான சுத்தப் பஞ்சுக்கும், மண்ணும் இலைத்தூளும் கலந்த பஞ்சுக்கும் சந்தையில் வியாபாரி கொடுத்த விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரட்டைப் பாடு பட்டு ஒற்றை விலை வாங்க யார் சம்மதிப்பார்கள்? 1848ல் லண்டனில் ஜான் பிரைட் தலைமையில் நாடாளுமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து, இந்தியப் பருத்தி ஏன் வரவில்லை என்று சாட்சி சாட்சியாக விசாரித்தது. சாலை இல்லை, வரி அதிகம், விலை இல்லை என்று வரிசையாகக் குறைகள் வெளிவந்தன. கொங்கு நாட்டில் எந்தக் குடியானவரைக் கேட்டிருந்தாலும் இதை ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்.

இத்தனைக்கும் அதே அமெரிக்க விதை வடக்கே தார்வாரில் வேர் பிடித்துவிட்டது. அங்கே கரிசல் மண், இரண்டு பருவ மழையும் கொஞ்சம் கொஞ்சம் எட்டும். விவசாயிகளே முன்வந்து விதைத்தார்கள், தார்வார் அமெரிக்கன் என்று ஒரு சரக்கே உருவானது. ஆக, விதையில் குற்றமில்லை. வைட்டின் அறிவிலும் குற்றமில்லை. இந்த மண்ணில் அந்தச் செடிக்கு ஏற்ற இடம் வேறொன்று.

அந்த இடம் கண்முன்னே கிடந்தது. அதுதான் தோட்டம்.

கவலையில் பூட்டிய இரண்டு காளைகள் பின்னுக்கு நடந்து முன்னுக்கு வந்து, பறி பறியாகத் தண்ணீர் இறைத்த கிணற்றடி. அங்கே ராகியும் சோளமும் புகையிலையும் விளைந்தன. அந்த அருமைத் தண்ணீரைப் பருத்திக்குத் திருப்பினால் அமெரிக்கச் செடி ஐப்பசியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் திருப்புவதற்கு அதற்கு ஈடான விலை வேண்டும். விலை கொடுக்கப் பக்கத்தில் ஆலை வேண்டும். கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை வந்ததே 1888ல். வைட் காலத்தில் பஞ்சை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் மான்செஸ்டரில் இருந்தார்கள். அங்கே போய்ச் சேருவதற்குள் விலையெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும்.

மூலனூர்ப் பெரியவர் ஒரே வரியில் சொன்னது இதைத்தான். காட்டுக்கு நாடம், தோட்டத்துக்குக் கம்போடியா. அந்த வரியின் முதல் பாதி 1842லேயே எங்கள் காடுகளில் எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் பாதியை எழுதக் காலம் இன்னும் வரவில்லை.

*

அமெரிக்க விவசாயிகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஏதோ ஒரு கொட்டகையில் ரம்பப் பற்கள் துருப்பிடித்தன. அரசாங்கத்துக்கு அலுப்புத் தட்டியது. வைட் மட்டும் நீலகிரிச் செடிகளுக்கும் ஒரு நூல் முடித்து, படத் தொகுதிகளின் கடைசிப் பகுதியையும் அச்சேற்றிவிட்டு, 1853ல் இந்தியாவைவிட்டுப் புறப்பட்டார். இங்கிலாந்தில் ரெடிங் நகருக்குப் பக்கத்தில் கிரேஸ்லி என்ற கிராமத்தில் குடியேறினார். கோயம்புத்தூர்ப் பருத்திச் சோதனையின் பேரில் தோல்வி என்று எழுதிக் கோப்பைக் கட்டிவிட்டார்கள்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன.

1861 ஏப்ரல் 12, விடியற்காலை. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்டர் கோட்டை மேல் முதல் பீரங்கிக் குண்டு விழுந்தது. வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர். வடக்கின் கப்பல்கள் தெற்கின் துறைமுகங்களை வளைத்துக்கொண்டன. பஞ்சு நின்றது. லங்காஷயரில் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. லிவர்பூல் சந்தையில் பஞ்சு விலை மூன்று மடங்கைத் தாண்டி ஏறியது. கம்பெனி எதற்காகப் பயந்ததோ அது நடந்தேவிட்டது. ஆனால் அதைப் பார்க்க இந்தியாவை ஆண்ட கம்பெனி இல்லை. 1858லேயே ஆட்சி ராணியின் கைக்குப் போய்விட்டது.

கிரேஸ்லியில் முதுமையில் இருந்த வைட் மறுபடி பேனாவை எடுத்தார். அமெரிக்க முறையையும் இந்திய முறையையும் ஒப்பிட்டுப் பருத்தி விவசாயத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி 1862ல் வெளியிட்டார். அதே ஆண்டு மதராஸிலிருந்து வந்த ரயில், ஈரோட்டையும் திருப்பூரையும் கோயம்புத்தூருக்குப் பக்கத்துப் போத்தனூரையும் தொட்டு மேற்குக் கடற்கரை வரை ஓடத் தொடங்கியது. இருபது ஆண்டுகளாக இல்லாத விலை இப்போது வந்துவிட்டது. இல்லாத பாதையும் வந்துவிட்டது. பஞ்சு வியாபாரிகள் பணப்பையோடு கொங்கு நாட்டுக்குள் நுழைந்தார்கள்.

விதைப்புக்கு நாள் நெருங்கியது. குடியானவர் உழுத காட்டு நடுவே, விதைக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். ஒரு பக்கம் வியாபாரி ஆசை காட்டுகிற விலை. இன்னொரு பக்கம் மேகமே இல்லாத வானம்.

கூடைக்குள் போன கை எந்த விதையை அள்ளியது?

(தொடரும்)